போலி மருந்தும் குலுக்கல் சீட்டும்: ஒரு சம்மதப் படிவத்தை வாசித்தல்

பதினோரு வருஷமாக எனக்கு முடக்குவாதம். ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொன்னால்தான் இப்போதெல்லாம் ராசிபுரத்திலும் புரிகிறது. வெறும் முடக்குவாதம் என்றால் ஆளாளுக்கு ஒரு எண்ணெய் சொல்வார்கள். போன மாதம் சேலத்தில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையில், புது மருந்து ஒன்றுக்கான ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். "அவசரமில்லீங்க, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு வாங்க" என்றார் அந்தப் பெண். நல்ல பழக்கம்தான். நோய் வந்த முதல் வருஷம், வேறொரு ஊரில் வேறொரு இடத்தில், ரத்தம் எடுக்கிற மேசையிலேயே வைத்து இரண்டு நிமிஷத்தில் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். ஒரு குழாய் ரத்தம் அதிகமாகப் போனது. அதில் என்ன பார்த்தார்கள், என்ன தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் இந்த முறை படிவத்தை ஒரு புத்தகம் மாதிரி உட்கார்ந்து படித்தேன். கையில் பென்சில். சொல்லப்போனால் இந்தப் பதிவு அந்தப் பென்சில் குறிப்புகளின் தொடர்ச்சி.

முதலில் தமிழ். தலைப்பில் "மருத்துவப் பரிசோதனை" என்று இருந்தது. நமக்கு மருத்துவப் பரிசோதனை என்றால் சர்க்கரை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது. நமக்காக நம்மைப் பார்ப்பது. மருந்தை நம் மேல் வைத்துப் பார்ப்பதற்கும் அதே சொல். ஒரே பக்கத்தில் இரண்டு அர்த்தத்திலும் அது வருகிறது: "இப்பரிசோதனையில் பங்கேற்கும் முன் உங்களுக்குச் சில பரிசோதனைகள் செய்யப்படும்." முதல் பரிசோதனை யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று வாக்கியம் சொல்லாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது. தமிழிலும் ஆராய்ச்சி என்று ஒரு நல்ல சொல் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெண் வாயால் சொன்னபோது ஆராய்ச்சி என்றுதான் சொன்னார். எழுத்தில் மட்டும் அது மறைந்துவிட்டது.

அடுத்தது "போலி மருந்து". மருந்துச் சத்து எதுவும் இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் மாத்திரையைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். தினசரியில் வாரம் ஒருமுறை போலி மருந்து விற்றவர் கைது என்று படிக்கிற ஊரில், ஒரு மருத்துவமனை தன் கைப்படவே "உங்களுக்குப் போலி மருந்து வழங்கப்படலாம்" என்று எழுதித் தருகிறது! மருந்துப்போலி என்று திருப்பிப் போட்டாலாவது பாதி கெடுதல் குறையும். "மருந்து இல்லாத மாத்திரை" என்றால் முழுக்கவே தீர்ந்தது. யாருக்கு எது என்பது "குலுக்கல் முறையில்" தீர்மானிக்கப்படும் என்றும் இருந்தது. புள்ளியியல் பாடநூலில் சமவாய்ப்பு என்பார்கள். குலுக்கல் அதைவிட நல்ல சொல், எல்லாருக்கும் புரியும். ஆனால் நம் பக்கத்தில் குலுக்கல் என்றால் முதலில் ஞாபகம் வருவது குலுக்கல் சீட்டு. இருபது பேர் மாசாமாசம் கட்டுவார்கள், துண்டுச்சீட்டைக் குலுக்கி எடுப்பார்கள், பேர் வந்தவருக்கு அந்த மாசப் பணம். இந்த மாசம் வரலைன்னா அடுத்த மாசம், கடைசியில் எல்லாருக்கும் ஒருமுறை கிடைத்தே தீரும். மருந்து ஆராய்ச்சியின் குலுக்கலில் அப்படி ஒரு உறுதி கிடையாது. படிவம் இதைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பு இருக்கட்டும். எனக்குப் பெரிய சண்டை வேறொரு வகை எழுத்தோடு. "ஆய்வில் சேர விருப்பம்" என்று ஒரு தனி ஆராய்ச்சித் துறையே இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பூசியை மனிதரிடம் சோதிக்கத் தொடங்கிய காலத்தில் இந்தியாவில் அது வேகம் பிடித்தது. 2005-ல் புனேயில் ஒரு தடுப்பூசி ஆய்வு. 2006 தொடக்கத்தில் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் இன்னொன்று, எச்.ஐ.வி. இல்லாத, நல்ல ஆரோக்கியமான 32 பேருக்கு. அதை ஒட்டி, இனி இப்படி ஆய்வு வந்தால் சேருவீர்களா என்று மக்களைக் கேட்ட கட்டுரைகள் அந்த இரண்டு ஊர்களிலிருந்தும் வந்தன. கேள்வி கேட்பது தப்பில்லை. நானும் பல கட்டுரைகளைப் பயன்படுத்தி எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வகைக் கட்டுரைகளின் அடிப்படை எண்ணம் எனக்கு உதைக்கிறது: விருப்பம் என்பது மனுஷன் மனசுக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒரு அளவு, தெர்மாமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும் என்பது. படிப்பு, வயசு, வருமானம், நோய் பற்றிய அறிவு ஆகியவற்றோடு அதை ஒப்பிட்டு அட்டவணை போடுவார்கள். நோயாளிகளைக் கேட்கும்போது கூடவே நோயின் தீவிரம் என்று ஒரு வரிசை. அட்டவணையில் இல்லாதது ஒன்று உண்டு: அன்றைக்கு, அந்த ஆளுக்கு, அந்த ஊரில், வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

நாமக்கல்லை எடுத்துக்கொள்வோம். 1997 வரை அது சேலம் மாவட்டம்தான். லாரி பாடி கட்டும் பட்டறைகள், முட்டைக் கோழிப் பண்ணைகள், திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே மாசக்கணக்கில் கிளம்பிப் போகும் போர்வெல் வண்டிகள் என்று பிழைக்கிற ஊர். எச்.ஐ.வி. வந்தபோது தமிழ்நாட்டில் அதிகம் அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று. 1990-களில் இங்கே ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் என்ன செய்ய முடிந்தது? கூட்டு மருந்து உலகத்தில் 1996-லேயே வந்துவிட்டது. வாங்கப் பணம் இல்லை. அரசிடம் அந்த மருந்து இல்லை. ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் போனார்கள். பழைய டி.பி. சானடோரியம். அங்கே மருத்துவர் தெய்வநாயகம் பொறுப்பில் இருந்த காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சித்த மருந்து கொடுத்துப் பார்த்தார்கள்: ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம். அது சிகிச்சையா, ஆராய்ச்சியா? இரண்டும்தான். வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பிரிவினையே பொருட்டில்லை. படுக்க ஒரு கட்டில் இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தார்கள், வாயில் போட ஏதோ ஒன்று இருந்தது.

இந்த இடத்தில் மருத்துவ அறவியலார் ஒரு சொல்லை எடுத்து நீட்டுவார்கள். 1982-ல் அமெரிக்காவில் ஆப்பெல்பாம் என்ற மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய சொல் அது, தமிழில் "சிகிச்சை என்ற தப்பெண்ணம்" எனலாம். ஆராய்ச்சியில் சேர்ந்தவர், இதில் நடப்பதெல்லாம் தன் நன்மைக்காகவே என்று தவறாக நம்புவது. நல்ல கருத்து, தேவையான கருத்து. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000-ல் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஒரு சோதனை ரசாயனத்தை ஊசியில் ஏற்றினார்கள். உடன் இருந்தது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர். நோயாளிகளுக்கு அது சோதனை என்பது சரியாகச் சொல்லப்படவில்லை. 2001-ல் வெளியே வந்து பெரிய சத்தமானது. அங்கே தப்பெண்ணம் என்ற சொல்கூடப் போதாது, அது மறைப்பு.

ஆனால் தாம்பரம் வரிசையில் நின்றவருக்கு என்ன தப்பெண்ணம்? வெளியே ஒன்றுமில்லை, உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரி. 1986-ல் அமெரிக்காவில் எ.இசட்.டி. மருந்தின் முதல் பெரிய ஆய்வில் 282 பேர் இருந்தார்கள். வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 19 பேரும் மருந்து வாங்கியவர்களில் ஒருவரும் இறந்த நிலையில் ஆய்வை நிறுத்தினார்கள். அதில் சேர்ந்திருந்த சிலர் தங்கள் மாத்திரையை வேதியியல் சோதனைக்குக் கொடுத்து எது மருந்து என்று கண்டுபிடித்ததையும், கிடைத்த மருந்தை மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொண்டதையும் ஸ்டீவன் எப்ஸ்டீன் தன் 'இம்ப்யூர் சயின்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார். ஆராய்ச்சி எது, சிகிச்சை எது என்று புரியாமல் செய்த வேலையா அது? நன்றாகப் புரிந்து செய்தது. சான் பிரான்சிஸ்கோக்காரர் செய்தால் போராட்டம் என்று புத்தகம் எழுதுகிறோம், நாமக்கல்காரர் வரிசையில் நின்றால் அறியாமை என்று அட்டவணையில் போடுகிறோம்.

நம் ஊர் வரலாற்றிலேயே இதற்கு மூத்த உதாரணம் இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள், மேலே சொன்ன ஆராய்ச்சி மையத்தின் பழைய அவதாரம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறு பாதியை வீட்டிலேயே வைத்து அதே மாத்திரைகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே பலன் தந்தது என்று 1959-ல் அறிக்கை வந்தது. உலகம் முழுக்க டி.பி. வைத்தியமே அதன் பிறகு மாறியது. அறிக்கையைப் புகழ்கிற யாரும் அந்த 193 பேர் ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்பதில்லை. நோயாளிகளுக்கு முன்னால் கட்டில்கள் ஒன்றுமே இல்லாத காலம். குலுக்கலில் எந்தச் சீட்டு வந்தாலும் ஒரு வருஷம் இலவச மருந்து. வேண்டாம் என்பவர் யார்?

அங்கேயே இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள், சிறுநீர் வாங்கிச் சோதிப்பார்கள், மாத்திரை எண்ணுவார்கள். அறிவியலுக்கு அது நல்ல ஒழுங்கு. தெருவுக்கு அது வேடிக்கை. எங்கள் தெருவில் லாரி ஓட்டிய ஒரு மாமா, டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டவர், நான் இந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னபோது சொன்னார்: "ரத்தம் எத்தன வேணாலும் எடுத்துக்கட்டும் கண்ணு. ஊட்டுக்கு மட்டும் ஜீப்புல வரப்படாது." விருப்பம் பற்றிய ஒரு கட்டுரை முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. அவருடைய பயம் மருந்தைப் பற்றியதே இல்லை. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டு வாசலில் ஜீப் நிற்பதைப் பற்றியது.

இதைப் பிடித்த ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொன்னால் அநியாயம். வெங்கடேசன் சக்ரபாணியும் அவருடைய குழுவினரும் சென்னையிலும் மும்பையிலும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் தடுப்பூசி ஆய்வில் சேருவது பற்றிப் பேசி, 2012-ல் எழுதிய கட்டுரை தனி மனசோடு நிற்பதில்லை. குடும்பம், சமூகம், அமைப்புகள் என்று அடுக்கடுக்காகப் போகிறது. ஆட்களைப் பேச விட்டதால் வந்த பலன். எண்ணிக்கைக் கட்டுரைகளை மட்டும் படிப்பவர்கள் அதையும் படிக்க வேண்டும்.

மறுபடி நாமக்கல். 2004 ஏப்ரலில் மத்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. தாம்பரம் அதில் ஒன்று. பிறகு நாமக்கல் அரசு மருத்துவமனையிலேயே மையம் வந்தது. ராத்திரி பஸ் தேவையில்லாமல் போனது. அதே ஆளை, அதே கேள்வியோடு 2003-லும் 2008-லும் சந்தித்தால் பதில் மாறியிருக்கும். படிப்பு மாறவில்லை, வருமானம் மாறவில்லை, அவருடைய 'மனப்பான்மை'யும் மாறவில்லை. கதவு மாறியது.

ஆனால் முழுதும் திறக்கவில்லை. இதுதான் சுவாரசியமான இடம். அன்றைய அரசு விதிப்படி, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை நன்றாக இறங்கிய பிறகுதான் மாத்திரை தருவார்கள். (கண்டறிந்த உடனே எல்லாருக்கும் என்பது 2017-ல்தான் வந்தது.) அந்த நேரத்தில் எச்.பி.டி.என். 052 என்ற பெரிய ஆய்வு ஒன்பது நாடுகளில் நடந்தது. இந்தியாவில் சென்னையிலும் புனேயிலும். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகள். சி.டி.4 350-க்கும் 550-க்கும் இடையில் இருக்கும்போதே ஒரு பாதிக்கு மாத்திரை, மறு பாதிக்கு எண்ணிக்கை குறைந்த பிறகு. 2011-ல் முடிவு வந்தது: துணையிடமிருந்து வந்ததாக உறுதியான 28 தொற்றுகளில் 27 காத்திருந்த பாதியில், முன்கூட்டியே மாத்திரை போட்ட பாதியில் ஒன்றே ஒன்று. முடிவு தெரிந்ததும் காத்திருந்தவர்களுக்கும் மாத்திரையைக் கொடுக்க முன்வந்தார்கள்.

2008-ல் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு தம்பதியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு சி.டி.4 450, அவளுக்கு நோய் இல்லை. அரசு மையம், இன்னும் நேரம் ஆகலை, ஆறு மாசம் கழிச்சு வாங்க என்கிறது. ஆய்வு, உங்களுக்கு இப்பவே கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறது. இதில் சேரச் சம்மதிக்கிறவர் தப்பெண்ணக்காரரா, சமூகத்துக்குச் சேவை செய்யும் தன்னார்வலரா? (படிவங்களில் வரும் 'தன்னார்வலர்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வெள்ள நிவாரணம்தான் ஞாபகம் வரும்.) இரண்டும் இல்லை. பொண்டாட்டிக்கு ஒட்டாமல் இருக்கணும் என்று நினைக்கிற ஒரு ஆள். ஆனால் அதற்கு அவர் ஒரு விலை கொடுத்தாக வேண்டும்: இது ஜோடி ஆய்வு, அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் அவள் அம்மா வீட்டுக்குத் தெரியும், தெரிந்தால் பங்காளிகளுக்குத் தெரியும். இது குலுக்கல் சீட்டு மாதிரித்தான் முடிந்தது, கடைசியில் எல்லாருக்கும் கிடைத்தது என்று நானே ஒருமுறை நண்பரிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த 27 பேருக்குச் சீட்டு வருவதற்கு முன்னால் நோய் வந்துவிட்டது.

பொண்டாட்டி பக்கத்திலிருந்து இந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லாமலில்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா, கணவர் மூலம் தொற்று வந்து, அதைப் பகிரங்கமாகச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1998-ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் வுமன் நெட்வொர்க்கைச் சென்னையில் தொடங்கியவர்களில் ஒருவர். இந்த அமைப்புகள் வந்த பிறகு நோயாளி என்பவர் கேட்கப்படுகிறவர் மட்டும் இல்லை, கேட்கிறவரும் ஆனார். 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் சம்மதம் இல்லாமல் ஆராய்ச்சி கூடாது என்கிறது. 2019-ன் மருந்து ஆய்வு விதிகள், ஆய்வு முடிந்த பிறகு அந்த மருந்து தேவைப்படுகிறவருக்குத் தொடர்ந்து கொடுப்பதைப் பற்றிப் பேசுகின்றன, நிபந்தனைகளோடு. விருப்பக் கேள்வித்தாள்கள் மட்டும் இந்த மாற்றத்தைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. இன்னும் "மிகவும் விருப்பம், ஓரளவு விருப்பம், விருப்பமில்லை" என்ற மூன்று கட்டம்.

என் கதைக்கு வருகிறேன். நோய் முற்ற முற்ற ஆராய்ச்சிக்கு ஒத்துக்கொள்வார்கள் என்ற பொதுவான எண்ணம் என் விஷயத்தில் தலைகீழ். முதல் வருஷம் காலையில் விரல் மடக்க முடியாமல், பல் துலக்க அம்மா வேண்டியிருந்தது. அப்போது எதை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், போட்டேன். இப்போது மருந்துக்கு நோய் ஓரளவு கட்டுப்பட்டிருக்கிறது. ஏழு மணிக்கு எழுந்தால் எட்டரைக்கு டம்ளர் பிடிக்க முடிகிறது. இந்த எட்டரை மணி எனக்குப் பதினோரு வருஷச் சம்பாத்தியம். படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில், ஆய்வு தொடங்கும் முன் இப்போது எடுக்கும் மருந்துகளில் ஒன்றைச் சில வாரங்கள் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பழைய மருந்தின் வேகம் உடம்பை விட்டு இறங்க வேண்டும் என்பது காரணம், அறிவியலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "அசௌகரியம் ஏற்படலாம்" என்று அதை முடித்துவிட்டார்கள். அசௌகரியம்! பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காதது அசௌகரியம்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தார். நான் மூன்று கேட்டேன். மருந்தை நிறுத்தும் வாரங்களில் மூட்டு வீங்கினால் யாரைக் கூப்பிடுவது, அவர் போனை எடுப்பாரா? ஆய்வு முடிந்த பிறகு புது மருந்து ஒத்துக்கொண்டிருந்தால் அதை யார் தருவார்கள், எத்தனை நாளைக்கு? கடைசியில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவீர்களா? முதலாவதுக்கு உடனே ஒரு நம்பர் கொடுத்தார், ராத்திரியிலும் எடுப்பாங்க என்றார். இரண்டாவதுக்கு டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாவதைக் கேட்டதும் கொஞ்சம் சிரித்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க" என்றார்.

வர்ற புதன்கிழமை ரத்தம் கொடுக்கச் சேலம் போக வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடாமல், பென்சில் குறிப்புகளோடு அப்படியே எடுத்துப் போகிறேன்.